நமக்கு நாமே: முதலில் மதிப்பீடு, பிறகு வசூல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊரகப் பகுதிகளில் நமக்கு நாமே திட்டத்தின்கீழ் ஊரின் பொது வேலைக்கு ஆகும் செலவில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கே போதும். 1997-98-ல் தொடங்கிய இத்திட்டம் 2011-12-ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-ல் பழைய பெயருக்கே திரும்பியது. சின்ன ஊர்களுக்கு இதைவிடக் கைகொடுக்கும் திட்டம் குறைவு. ஆனாலும் வசூல் முடிந்த பிறகு வேலை நின்றுபோன ஊர்கள் உண்டு. வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று பொறியாளர் கணக்கிட்டுத் தரும் மதிப்பீடு வரும் முன்பே வசூலில் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரையே எடுத்துக்கொள்வோம். கொத்தனார் 5 லட்சம் ஆகும் என்கிறார். ஊரார் 1,67,000 ரூபாய் சேர்க்கிறார்கள். பொறியாளர் தயாரிக்கும் மதிப்பீட்டில் அதே வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90,000, தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் 5,000 சேர்ந்து 5,95,000 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு 1,98,334. துண்டு விழுவது 31,000-க்கும் மேல். வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் முறை வீடு வீடாகப் போனால், முதலில் மனமுவந்து கொடுத்தவரும் முகம் சுளிப்பார். மதிப்பீட்டுக்கான அரசு விலைப்பட்டியல் மாறினாலோ, எம்-சாண்டும் ஜல்லியும் வரும் தூரம் கூடினாலோ தொகை இன்னும் ஏறும்.

துண்டு விழும்போது அடித்தள ஆழத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கரிசல் மண்ணில் இதைச் செய்யவே கூடாது. அந்த மண் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலாகப் போட்ட அடித்தளம் அதோடு சேர்ந்து ஆடும். ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் சுவரில் படிக்கட்டுபோல விரிசல் ஏறியிருக்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டித் தோண்டி, தரைமட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். ஒரு பக்கம் மண் உயரமாக இருந்தால் சுவரில் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். பணம் போதாவிட்டால் சுவரின் நீளத்தைக் குறையுங்கள். சாலையோரப் பக்கத்தை இந்த ஆண்டு கட்டிவிட்டு, மற்றதை அடுத்த விண்ணப்பத்தில் வைக்கலாம்.

வசூலுக்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று நிலம். பள்ளி நடப்பது ஊராட்சி இடம் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். பட்டாவோ அந்தக் காலத்தில் இடம் கொடுத்தவரின் பேரிலேயே கிடக்கும். நிலம் யார் பேரில் என்று காட்டும் 'அ' பதிவேட்டையும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு ஓர் ஓரத்தில் தொட்டாலும் அந்தப் பக்கம் கட்ட முடியாது. கிராம சபைத் தீர்மானத்தில் 'சுற்றுச்சுவர் கட்ட' என்று மொட்டையாக எழுதாமல் சர்வே எண், நீளம், மக்கள் பங்குத் தொகை மூன்றையும் எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பும். அடுத்த கிராம சபை வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் டெண்டர் இல்லாமல் அவர்களே வேலையைச் செய்யலாம். ஆசைப்பட்டு எடுப்பவர்கள், முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து பதியும் அளவுப் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். பொறியாளர் வந்து அளந்து பதிவதற்குள் அடித்தளக் குழியை மூடிவிட்டால், மண்ணுக்குள் போன கான்கிரீட்டுக்குப் பில் எழுத வழியில்லை. குழி வெட்டியதும், கம்பி கட்டியதும், கான்கிரீட் போட்டதும் என மூன்று கட்டத்திலும் அவரை அழைத்து அளக்கச் செய்யுங்கள்.

மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்களிடம் வரைவோலை கேட்கும் முன்பே, வரிகள் சேர்ந்த முழு மதிப்பீட்டின் நகலை ஊருக்குக் கொடுத்துவிட உத்தரவிடுங்கள். ஊர் கட்ட வேண்டிய தொகை அதன் முதல் பக்கத்திலேயே தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒன்றியப் பொறியாளர்,
விருதுநகர் மாவட்டம்.