செவலையைப் பற்றி, போனில் சொல்லாமல் விட்டது

அன்பு பாப்பாவுக்கு,

நம் கோழி செவலை போய் இன்றோடு 12 நாள் ஆகிறது. அன்றைக்கு போனில், "முன்னாடியே பார்த்திருந்தா பிழைச்சிருக்குமாப்பா?" என்று கேட்டாய். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய், எனக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. இப்போது நீ பண்ணையில் கழித்துவிடும் கோழிகளில் இரண்டை வாங்கி வளர்க்கப் போவதாகச் சொல்கிறாய். மீதிப் பாதியையும் சொல்லாமல் இருந்தால் மனசு கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

செவலைக்கு 5 வயது முடிந்திருந்தது. இறகு உதிர்த்தபோது முட்டையை நிறுத்தியது. அந்தப் பருவத்தில் எல்லாக் கோழியும் நிறுத்துவதுதானே என்று இருந்துவிட்டேன். புது இறகெல்லாம் பளபளவென்று முளைத்து முடிந்த பிறகும் கொண்டை மட்டும் சிவக்கவில்லை, வெளுத்தே கிடந்தது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். காலையில் கூட்டைத் திறந்தால் முதல் ஆளாகப் பாய்ந்து வருமே, அது கடைசியாக வர ஆரம்பித்தது. தீனித் தட்டின் ஓரத்தில் நின்று கொத்தும். குனிந்து பார்த்தால்தான் தெரியும், அலகு தட்டில் படுகிறது, ஒரு மணிகூட உள்ளே போவதில்லை. சீக்கு வந்தது தெரிந்தால், கூட இருக்கும் கோழிகளே கொத்தி விரட்டும் என்பதால் கோழி கடைசிவரை தெம்பாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். நானும் நம்பிவிட்டேன்.

ஒரு நாள் தூக்கிப் பார்த்தபோது, எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகின் அடியில் பேன் முட்டைகள் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. சரி, பேன்தான் காரணம் என்று மருந்துத் தூள் போட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் போட்டேன். அதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது. நல்ல கோழி மண்ணில் புரண்டு குளிக்கும், அலகால் இறகைக் கோதும், பேனைத் தானே அடக்கி வைத்துக்கொள்ளும். முடியாமல் போன கோழி கோதுவதை விட்டுவிடும், பேன் பெருகும். சீக்கினால் வந்த பேனை நான் சீக்கே என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வயசான கோழிதானே, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வயது ஒரு நோய் அல்ல. வயதான கோழி மெதுவாக நடக்கும், முட்டை குறையும், மதியத்தில் கூடுதலாகத் தூங்கும். ஆனால் தின்னாமல், வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நின்றால், அதற்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். "இது ஏங்க இப்படி நிமிர்ந்து நிக்குது?" பென்குயின் நிற்குமே, அதே மாதிரி மார்பைத் தூக்கி, காலை அகட்டி நின்றது. அடிவயிற்றைத் தொட்டால் தண்ணீர் நிரப்பிய பை மாதிரி தளும்பியது. மேலே நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போலக் கூராகக் கையில் தட்டியது. இரு பக்கமும் சதையே இல்லை. தராசில் வைத்தால் எடை மட்டும் குறையவே இல்லை! சதை கரைய கரைய அந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் எடையை மட்டும் நம்பாதே, எப்போதும் நெஞ்செலும்பைத் தடவிப் பார்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஊசியால் நீரை எடுத்தார். மஞ்சளாக, ஒரு டம்ளருக்கு மேல் வந்தது. அன்று சாயங்காலமே செவலை மண்ணைக் கிளறியது, புரண்டு குளித்தது, தட்டில் இருந்ததை உண்மையாகவே தின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நாள் வயிறு பழையபடி நிறைந்துவிட்டது. கோழிக்கு நம்மைப் போல் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசைத்திரை கிடையாது. வயிற்றுப் பக்கம் வரைக்கும் மூச்சுக் காற்றுப் பைகள் இருக்கும். நீர் அவற்றை அழுத்தினால் மூச்சு முட்டும். ராத்திரியெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் நானும் அம்மாவும் பேசி முடிவு செய்தோம். என் மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் ஊசி போட்டார். போராடவில்லை. அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்டதால் டாக்டர் அறுத்துப் பார்த்தார். சினைப்பையில் புற்றுநோய். குடலின் மேலெல்லாம் கடுகு சிதறியது போல் சிறு சிறு கட்டிகள். முட்டைக் கோழிகளுக்கு வயதாக ஆக இது தானாகவே வரக்கூடியதாம். பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயைப் புரிந்துகொள்ளக் கோழிகளை வைத்தே ஆராய்ச்சி நடக்கிறது என்றார். கோழிக்குப் பெரும்பாலும் இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். ஒவ்வொரு மஞ்சள் கருவும் அதைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது, பிறகு அந்த இடம் ஆறுகிறது. காட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு அஞ்சாறு முட்டையிட்டு அடைக்குப் போய்விடும். நாம் வளர்ப்பவை வருஷத்துக்கு 250, 300 என்று இடும்படி ஆக்கப்பட்டவை. அந்த உடம்பு எவ்வளவு தாங்கும்? நாம் எடுத்துக்கொண்ட முட்டைகளுக்கு அந்த உயிர் என்ன விலை கொடுத்தது என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முன்னாடியே பார்த்திருந்தாலும் செவலை பிழைத்திருக்காது. ஆனால் கஷ்டப்பட்டுக் கழித்த அந்த நாலு வாரத்தை அதற்குத் தவிர்த்திருக்கலாம். அது என் தப்புதான்.

நம் இன்னொரு கோழி புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பிழைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டில் முட்டைக்குப் பதில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி கிடந்தது. அறுத்தால் வெங்காயம் போல் அடுக்கடுக்காக இருந்தது, நாற்றம் வேறு. முட்டைக்குழலில் கிருமி சேர்ந்து, சீழ் கெட்டியாகி வெளியே வந்தது அது. அன்றைக்கே ஓடினேன். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அவர் சொன்ன நாள் முடியும்வரை முட்டைகளைச் சாப்பிடாமல் கொட்டினோம். எல்லாக் கோழியும் இதில் தப்பிப்பதில்லை. சிலவற்றுக்கு மஞ்சள் கரு குழலுக்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து, அதில் கிருமி பிடித்துப் படுத்துவிடும். நாள் தள்ளத் தள்ளக் கடினம்.

உன்னிடம் வரப்போகும் கோழிகளுக்கு ஒன்றரை வயதுதான் இருக்கும். ஆனாலும் உடம்பு அதற்குள் நிறைய உழைத்திருக்கும். எலும்பு பலவீனமாக இருக்கும், உயரத்தில் கம்பு கட்டாதே, தாழ்வாகவே கட்டு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. ஓடு உருவாகவே 20 மணி நேரம் பிடிக்கிறது. தீனியில் கிடைப்பது போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சலைப் பொடித்துத் தனித் தட்டில் வை, வேண்டியது வேண்டியபோது தின்னும். முட்டையை நிறுத்திவிட்ட கிழக்கோழிக்கு மட்டும் முட்டைக்கோழித் தீனியையே தொடராதே. மிஞ்சிய சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கூட்டில் பல்பு போடாதே. நான் போட்டிருக்கிறேன், பகல் குறைந்த மாதங்களிலும் முட்டை வரட்டும் என்று. வெளிச்சம் 14 மணி நேரத்தை ஒட்டி இருந்தால் கோழி ஓய்வெடுக்காமல் இட்டுக்கொண்டே இருக்கும். இப்போது கழற்றிவிட்டேன். இருட்டு நாட்களில் அந்த உடம்பு சும்மா இருக்கட்டும்.

வாரம் ஒரு ராத்திரி, கம்பில் ஏறி அடங்கிய பிறகு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார். ராத்திரியில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ, பஞ்சு போல் உப்பி வாய் புளித்த நாற்றமாகவோ இருந்தால் உடனே கவனி. நெஞ்செலும்பு, அடிவயிறு, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கிறதா, உள்ளங்காலில் கறுப்பு ஆணி இருக்கிறதா என்று பார். இரண்டு நிமிஷ வேலைதான். வயிறு உப்பிய கோழியை மட்டும் மல்லாக்கப் படுக்க வைக்காதே, மூச்சு நின்றுவிடலாம்.

முட்டை அடைத்துக்கொண்டால் கூட்டுக்கு ஓடுவதும் வருவதுமாக முக்கும், வால் ஆடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரைக்கும் கொஞ்ச நேரம் வைத்து, இருட்டான இடத்தில் விடு. முட்டை வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, உள்ளே முட்டையை உடைக்க முயற்சி செய்யாதே. அப்புறம், ஒன்று மட்டும் சீக்கானால் அது பெரும்பாலும் அந்தக் கோழியின் கதை. இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்தால் அது தொற்றாக இருக்கலாம். தொடாமல், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடு.

"வயசாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் கோழியை அவர் கையில் கொடு. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல். கேட்கத் தயங்காதே, நான் தயங்கினேன்.

நேற்று ராத்திரி இங்கே இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். சாம்பலுக்குத் தீனிப்பை நிறைய இருந்தது, நெஞ்செலும்பின் இரு பக்கமும் நல்ல சதை. புள்ளி தூக்கம் கலைந்த கோபத்தில் என் கட்டைவிரலைக் கொத்திவிட்டது. செவலை உட்காரும் ஓரத்தை இரண்டும் இன்னும் காலியாகவே விட்டு வைத்திருக்கின்றன.

உன் கோழிகள் எந்த நாள் வருகின்றன என்று எழுது. முதல் வாரம் நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா