ஆடித் தோலுக்கு உப்பு மூட்டை வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் வட்டாரத்தில் ஆடிக் கஞ்சிப் பூசையோடு கிடா வெட்டும் நடத்தும் மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கோயில்களின் தப்பு, உறுமி மேளங்களுக்குத் தோல் கட்டிக் கொடுப்பவன் நான். பிறந்தது வாணியம்பாடி. அப்பா அங்கே தோல் பதனிடும் தொழிற்கூடத்தில், எங்கள் பேச்சில் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியோடு ஆயுளைக் கழித்தவர். கோயில் கணக்கு வழக்கில் தலையிட நான் வரவில்லை. தோலைப் பற்றி மட்டுமே இந்த மடல்.

சென்ற ஆடியில் ஒரு கோயிலிலிருந்து பதினோரு ஆட்டுத்தோல்கள் வந்தன. வெட்டிய சூடு ஆறுமுன் கறுப்புக் குப்பைப் பைக்குள் திணித்துக் கட்டியிருந்தார்கள். மாலையில் அவிழ்த்தேன். உள்ளே கணகணவென்று கொதித்தது. மயிரைப் பிடித்து லேசாக இழுத்தேன். கொத்தாகக் கையோடு வந்தது. மயிர் அப்படிக் கழன்றால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான்குதான் தேறின. சொல்லி அனுப்பினேன். மறுவாரம் அதே குழுவினர் பரிகாரமாக உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டிவிட்டார்கள்! என்னை எழுத வைத்தது அழுகல் அல்ல, அந்த உப்பு.

உப்பிட்டால் தோல் கெடாது என்பது உண்மைதான். பச்சைத்தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உப்பு அதில் ஒரு பகுதியை வெளியே இழுத்துவிடும். நுண்ணுயிர்கள் பெருக வழியில்லாமல் போகும். ஆனால் அதற்குத் தோல் எடையில் மூன்றில் ஒரு பங்காவது உப்பு வேண்டும். பாதி வரை போடுபவர்களும் உண்டு. தோலை ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே அது கரைந்து வெளியேறிவிடும். சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கரைந்த உப்பை அகற்றாது. கோயில் முற்றத்தில் கொட்டினால் மழைநீர்க் கால்வாய் வழியே உம்லதுசானா ஆற்றுக்குப் போகும். பாலாற்றங்கரைக் கிணறுகள் கரித்துப்போனதை நாக்கால் அறிந்தவன் நான். தோல் ஷாப் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களில் பலருடைய முப்பாட்டனார் நேட்டாலுக்குக் கப்பலேறியதும் அந்த வட ஆற்காட்டுச் சீமையிலிருந்துதான்.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. தோலில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அந்தத் தப்பைத் தட்டிப் பாருங்கள். ஈரச் சாக்கை அடித்தாற்போல் ஒலிக்கும். எத்தனை முறை நெருப்பில் காய்ச்சுவது?

நமக்கு வாய்த்த வசதியை நாம் கவனிக்கவே இல்லை. இங்கே ஆடி என்பது குளிர்காலம். மழை அநேகமாக இல்லை. காற்றில் ஈரமும் குறைவு. உப்பில்லாமல் தோல் உலர்த்த இதைவிட நல்ல பருவம் ஏது? உரித்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் இரத்தமும் சாணமும் போக அலச வேண்டும். ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டிவிட வேண்டும். கொழுப்பு நின்ற இடம் உலராது. பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, இருபுறமும் காற்றுப் படும்படி நிழலில் நிறுத்த வேண்டும். வெயிலில் போட்டுவிடாதீர்கள். மேல்பகுதி ஓடுபோல் இறுகி, உள்ளே ஈரம் சிக்கி அழுகும். தரையில் விரிப்பதும் கூடாது. அன்றே உலர்த்த ஆள் இல்லையென்றால், தோல்களை அடுக்காமல் தனித்தனியாக ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும்.

மேளத்துக்கு இவ்வளவு போதும். அதற்குப் பதனிட்ட தோல் தேவையில்லை. ஆனால் மயிரோடு விரிப்புச் செய்யப் புறப்பட்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உலர்த்துவதற்கு உப்பு வேண்டாம் என்றேன். பதனிடுவதற்கு முன் அமிலத்தில் ஊறவைப்பது வேறு வேலை. தோல் ஷாப்பில் அதைப் ‘பிக்கிள்’ என்பார்கள். அங்கே உப்பைக் குறைத்துவிட்டு வினிகரை மட்டும் ஊற்றினால் தோல் தண்ணீரைக் குடித்து ஜெல்லிபோல் உப்பிவிடும். நார்க்கட்டு குலைந்தபின் அதை மீட்க முடியாது. முதலில் உப்புநீர், அது தோலில் ஏறிய பிறகே அமிலம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. உப்பில்லாமல் ஊறவைக்கத் தோலை உப்பச் செய்யாத தனி அமிலங்கள் உண்டு. அவை கோயில் கொட்டகைக்கு உரியவை அல்ல.

அந்த உப்பையும் தவிர்க்க ஆசையென்றால், மயிர் நீக்கிய தோலுக்குப் பட்டைச் சாறு இருக்கிறது. பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் காடாக நிற்கும் கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டைதான். மயிர் நீக்கப் போட்ட சுண்ணாம்பு போகக் கழுவிய தோலை முதலில் நீர்த்த சாற்றிலும், பிறகு படிப்படியாகக் கெட்டியான சாற்றிலும் வாரக்கணக்கில் ஊறவிடுவது. ஆவாரம்பட்டையில் எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததும் இதேதான். அப்பா காலத்துக்கு முன்பே நேட்டாலின் வாட்டில் பட்டை கப்பலேறிச் சென்னைத் தோல் ஷாப்புகளுக்குப் போயிருக்கிறது. நம் வாசலில் நிற்கும் மரத்தின் அருமை நமக்குத்தான் தெரியவில்லை.

வரும் ஆடி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன். பன்னிரண்டு சட்டங்களும் சுரண்டும் கத்திகளும் என்னுடையவை. கோயில் பின்புறக் கொட்டகையும் ஒரு தண்ணீர்க் குழாயும் கத்தி பிடிக்கத் தெரிந்த இரண்டு தம்பிகளும் தாருங்கள். குப்பைப் பை வாங்கும் பொறுப்பிலுள்ள ஐயாவுக்கும் இதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

பணிவுடன்,
உங்கள் தப்புத் தோல்காரன்