போன மாசம் நர்சம்மா நம்ம ஸ்கூலுக்கு வந்தது எதுக்குன்னா

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கும், இத வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்குற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

மொதல்ல விஷயத்த சொல்லிர்றேன். நம்ம ஸ்கூல் பிள்ளை ஒண்ணுக்கு காலு தளர்ந்து எடுத்த டெஸ்ட்டோட ரிசல்ட் வந்திருச்சு, போலியோ இல்ல. நம்ம ஸ்கூல்ல போலியோ வந்திருச்சுன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், ஆனா அது வாடிப்பட்டி வரைக்கும் போய்ட்டு சுத்தி எனக்கே வந்துச்சு, மறுநாள் மூணாங்கிளாஸ்ல பாதி பெஞ்சு காலி.

நடந்தது இதுதான். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாளு காய்ச்சல், காலைல எந்திரிச்சா ஒரு காலு துவண்டு கெடக்கு, நிக்க முடியல. வீட்ல மொதல்ல எண்ணெய் போட்டு நீவி விட்ருக்காங்க, அப்புறம் தான் பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடிருக்காங்க. அங்க உடனே மேல தகவல் குடுத்துட்டாங்க, அத வச்சுத்தான் நர்சம்மா நம்ம ஸ்கூலுக்கு வந்தாங்க. 15 வயசுக்குள்ள யாருக்கு திடீர்னு கையோ காலோ தளர்ந்தாலும், போலியோவா இருக்காதுன்னு டாக்டருக்கே தோணுனாலும், சொல்லியே ஆகணும். அப்புறம் 24 மணி நேரமாவது இடைவெளி விட்டு ரெண்டு தடவ மோஷன் சாம்பிள் எடுத்து, ஐஸ் பெட்டில வச்சு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி போலியோ வைரஸ் பாக்குற லேபுக்கு அனுப்புவாங்க. காலு தளர்ந்து 14 நாளுக்குள்ள எடுத்தா தான் அது நல்ல சாம்பிள். எண்ணெய் போட்டு நாள் கடத்துனா வைரஸ் இருந்தாலும் சிக்காம போயிரலாம், அதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

இப்ப சிலர் கேட்டீங்க, இந்தியாவுல தான் போலியோ ஒழிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு சார் இந்த ஆர்ப்பாட்டம்னு. ஒழிஞ்சது நெசம். 2009ல நம்ம நாட்டுல 741 பேருக்கு வந்துச்சு, கடைசி கேஸ் 2011 ஜனவரில மேற்கு வங்காளம் ஹவுராவுல ஒரு சின்னப் பொண்ணு, 2014 மார்ச்ல சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்க. ஆனா ஒழிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்? இப்படி துவண்ட காலையெல்லாம் ஒண்ணு விடாம தேடிப் பிடிச்சு இல்ல இல்லன்னு லேப்ல காட்டுனதால தான். நரம்பு நோய், தப்பான எடத்துல போட்ட ஊசின்னு போலியோ இல்லாத காரணத்துலயும் காலு தளரும், லட்சம் பிள்ளைக்கு வருஷத்துல ஒண்ணாவது அப்படி வரும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு மாவட்டத்துல ஒரு கேஸ் கூட வரலன்னா மேல உள்ளவங்க சந்தோஷப்பட மாட்டாங்க, ஒழுங்கா தேடலன்னு தான் கேப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் இருக்கு. தொத்துன எல்லாருக்கும் காலு போகாது, சுமார் 200 பேருல ஒருத்தருக்குத் தான், மத்தவங்க தெரியாமலே பரப்பிட்டுப் போவாங்க. மாட்டுத்தாவணில ஒரு நாளைக்கு எத்தன ஊரு பஸ்சு வருது, யோசிச்சுப் பாருங்க.

1995ல நாடு முழுக்க சொட்டு மருந்து ஆரம்பிச்சப்ப நான் புதுசா வேலைக்கு சேந்த நேரம், பூத் டியூட்டி போட்டாங்க. வெள்ளன போயி பெஞ்சு போட்டு உக்காந்துருவோம், இடது கை சுண்டு விரல்ல மை வைக்கிறது என் வேல. என்கூட படிச்சவன் ஒருத்தன் போலியோவுல காலு போயி, காலிபர்ங்குற இரும்புச் சட்டத்த கால்ல மாட்டிக்கிட்டு ஒன்ற மைல் நடந்து வருவான், மழ பேஞ்சா அந்த இரும்பு சேத்துல மாட்டிக்கும், நாங்க தான் பிடுங்கி விடுவோம். மை வைக்கும் போதெல்லாம் அவன் ஞாபகம் தான்.

ஆகவே வீட்ல 5 வயசுக்குள்ள சின்னது இருந்தா, ஏற்கனவே குடுத்துட்டோம்னு சொல்லாம, சொட்டு மருந்துன்னு அறிவிக்கிறப்பெல்லாம் கூட்டிட்டு வாங்க. 6வது வாரம், 14வது வாரம், 9வது மாசம் போடுற போலியோ ஊசியையும் விட்ராதீங்க, கார்டு தொலைஞ்சிருந்தா அங்கன்வாடில கேளுங்க. செங்கச் சூளைக்கு வந்திருக்குற வடக்கத்தி குடும்பங்கள்ட்டயும் சொல்லி விடுங்க, அவங்களுக்கு நம்ம தண்டோரா புரியாது.

அந்தப் பிள்ளை இப்ப நடக்குது, திங்கக்கிழம கிளாசுக்கு வருது. பக்கத்துல உக்காராதேன்னு யாரும் சொல்லி அனுப்ப வேணாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

டாய்லெட் பைப்பு சரி பண்ணியாச்சு, சோப்பும் வச்சாச்சு. சோப்ப வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா திருப்பி அனுப்புங்க.