தாய்ப்பத்திரம் கேட்காத பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமங்கலத்தில் 38 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரையம் எழுத வருகிறவர்கள் முதலில் ஜெராக்ஸைத்தான் நீட்டுவார்கள். "தாய்ப்பத்திரம் எங்கே?" என்று அந்தச் சொத்தின் மூலப் பத்திரத்தைக் கேட்டால் முகம் சுருங்கிப்போகும். "அது அண்ணன் வீட்டுல கெடக்குய்யா, இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பார்கள். பல நேரம் சரியாக இருக்காது. மூலத்தில் தெற்கே ஓடை என்றிருக்கும். அதைப் பார்த்து எழுதியதில் ஓடைப் பாதை ஆகியிருக்கும். மூன்றாவது பத்திரத்தில் வெறும் பாதை. ஓடை காணாமல் போன கதை இப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதினாலே போதும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, போன நவம்பர் 26 அன்று பள்ளியில் அரசியலமைப்பின் முகப்புரையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாள். சந்தோஷம்தான். விழாவில் அவள் அம்மா எடுத்த படங்களில் பள்ளிச் சுவரில் முகப்புரையை எழுதி வைத்திருந்த பலகையும் இருந்தது. தொழில் புத்தி போகுமா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையை வரிவரியாகப் படித்தேன். அடியில் 1949 நவம்பர் 26 என்று தேதி. மேலே 'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற சொற்கள்.

"இதெல்லாம் எப்போ எழுதுனது தாயி?" என்று கேட்டேன். "கீழயே தேதி இருக்கே தாத்தா" என்றாள்.

அந்த இரண்டு சொற்களும், தேசத்தின் 'ஒருமைப்பாடு' என்பதும் 1976-ல் 42-வது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தவை. சேர்த்தது சரியா தப்பா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு அந்தச் சொற்கள் பிடிக்கும். ஆனால் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் அதற்குத் தனியாகத் திருத்தல் பத்திரம் எழுதி, தேதி போட்டு, மூலத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்வது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பழைய தேதிக்கு மேலே புதுச் சொல்லை எழுதி, திருத்தத்தைப் பற்றி மூச்சே விடாத பலகையைப் பார்க்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எழுதிய தேதி ஒன்று, பதிவான தேதி ஒன்று என்பதைக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது 1949 நவம்பர் 26, உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டது 1950 ஜனவரி 24, முழுதாக அமலுக்கு வந்தது ஜனவரி 26. ஒப்பித்தவளுக்கு அதுவரை மூன்று தேதியும் ஒரே குழப்பம். (எங்கள் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓர் அடித்தல் இருப்பதையும், அதைக் கடைசியில் நான் குறிக்காமல் விட்டதையும் கண்டுபிடித்துவிட்டாள். எழுதியவன் நான்தான். அதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றேன்.)

சபையின் விவாதங்கள் ஆங்கிலத்தில் அப்படியே அச்சாகியிருக்கின்றன, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மருமகள் படித்துச் சொல்ல நாங்கள் கேட்டோம். முகப்புரையை எடுத்துக்கொண்டது 1949 அக்டோபர் 17 அன்று. 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று சபை உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. 'இந்திய மக்களாகிய நாம்' என்ற தொடக்கம் அப்படித் தப்பி நின்றது. மனப்பாடம் செய்தபோது கொட்டாவி விட்ட பிள்ளை, "யார் யாரு எந்தப் பக்கம்?" என்று கேட்டு எங்களைத் தூங்கவிடவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. காந்தி மேலமாசி வீதி வீட்டில் தங்கி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது நமக்கெல்லாம் தெரியும். பேத்திக்குப் பேச்சுப் போட்டிக்காக எழுதிக் கொடுத்த தாளில், ரயில் ஜன்னல் வழியே கோவணம் கட்டிய உழவரைப் பார்த்ததும் 'இனி வாழ்நாள் முழுதும் இதுவே என் உடை' என்று அவர் சபதம் செய்ததாக இருந்தது. அன்றைய தேதியிட்டு காந்தியே விட்ட அறிக்கை இருக்கிறது. அதில் குறைந்தபட்சம் அக்டோபர் 31 வரை தொப்பியையும் மேல்சட்டையையும் விடுவதாகத்தான் சொல்கிறார், தேவைப்பட்டால் போர்த்திக்கொள்ளத் துண்டும் உண்டு. அந்நியத் துணியை விட்டால் மாற்றுத் துணிக்கு வழியில்லாதவர்களுக்குத் தயக்கம் போகட்டும் என்பது ஒரு காரணம். துக்கத்தின் அடையாளம் என்பது இன்னொன்று. வெறும் தலையும் வெற்றுடம்பும் தன் ஊர்ப்பக்கம் துக்கக் குறி என்கிறார். பின்னாளில் அவரே நினைவுகூரும்போது, மதுரைக்கு வந்த ரயில் பெட்டியில் இருந்தவர்கள் "கதர் விலை அதிகம், வாங்க எங்களுக்கு வசதியில்லை" என்று சொன்னதைப் பேசுகிறார். ஜன்னல் வழியே பார்த்த உழவர் இரண்டிலும் இல்லை.

அன்றே எழுதியது ஒன்று, அதே ஆள் பிறகு நினைத்துச் சொன்னது ஒன்று, யாரோ கேட்டு எழுதியது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்போது, யார், யாருக்காக எழுதியது என்று கேட்பதற்கு ஒரு பீரியட் போதும். ஒரு மாதம் என்று சொன்ன மனிதர் ஆயுள் வரை அப்படியே இருந்துவிட்டார் என்பது, சபதம் போட்டார் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையிலும் ஜெராக்ஸ்தான் இருக்கிறது. கல்வித்துறை அந்த அக்டோபர் 17 விவாதத்தில் பத்துப் பக்கத்தையும், காந்தியின் அறிக்கையையும் நல்ல தமிழில் பெயர்த்துப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் செல்பி எடுத்துத் திரும்பாமல், அங்கே இருக்கும் ஒரே ஒரு கடிதத்தையாவது தேதியிலிருந்து கையெழுத்து வரை படிக்க வைக்கலாம்.

பேத்தியின் பள்ளியில் பலகையின் அடியில் '1976-ல் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பார்த்தேன். மேலேயிருந்து உத்தரவு வர வேண்டுமாம். உத்தரவு வரட்டும். பெயின்ட் செலவு என்னுடையது. எழுதவும் வெளியாள் வேண்டாம், கை இன்னும் நடுங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.