பெட்டியில் வந்த விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 1942-இல் பிரிட்டனின் கையிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜப்பானின் ஜீரோ விமானத்துக்கு பிரிட்டனின் ஹரிகேன் போர் விமானம் வேகத்தில் ஈடுகொடுக்கவில்லை, அதனால் வானம் கைவிட்டுப் போனது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அது பாதிக் கதைதான். மீதி துறைமுகத்தில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் கிளியரிங் வேலை, அதாவது கப்பலில் வரும் சரக்கைச் சுங்கம் முடித்து வெளியே எடுக்கும் வேலை, பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1942 ஜனவரி 13 அன்று 51 ஹரிகேன்கள் சிங்கப்பூருக்கு வந்தன. பறந்து வரவில்லை; பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்து, கப்பலில் வந்தன. கூட வந்த விமானிகள் 24 பேர்தான். மத்திய கிழக்குக்கென்று புறப்பட்ட சரக்கு அது, வழியில் திருப்பிவிடப்பட்டது. பாலைவன மணல் இன்ஜினுக்குள் போகாமலிருக்க மூக்கின் அடியில் மாட்டிய பெரிய ஏர் ஃபில்டரும் அப்படியே வந்துவிட்டது. மணலே இல்லாத ஊரில் அது வேகத்தைத்தான் குறைத்தது. கட்டுரையாளர் குறை சொல்லும் அந்த வேகத்திலேயே சரக்கு திசைமாறிய கதையும் இருக்கிறது.

ஒருமுறை ஒரு நூற்பாலைக்கு ஆறு பெட்டிகளில் இயந்திரம் வர வேண்டியிருந்தது. ஐந்து வந்தன. போல்ட்டும் கேஸ்கெட்டும் இருந்த சின்னப் பெட்டி வேறு துறைமுகத்தில் இறங்கிவிட்டது. நாற்பது நாள் அந்த இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆலைக்கு நஷ்டம், எனக்குத் திட்டு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் நாற்பது நாளுக்கு வழியில்லை. பெட்டியை உடைத்து, இறக்கை பூட்டி, இன்ஜின் ஓட்டிப் பார்த்து, துப்பாக்கி பொருத்தி, எல்லாம் குண்டு விழும் ஊரில் நடந்தது. ஜனவரி 20-ஆம் தேதியே அவை சண்டைக்குப் பறந்தன. ஒரே வாரம்! அந்த மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஜனவரி முடிவதற்குள் ஜப்பானியப் படை சிங்கப்பூரின் எதிர்க்கரையான ஜோகூர் வந்துவிட்டது. சிங்கப்பூரின் தெங்கா, செம்பவாங், செலிட்டார் மூன்று விமானத் தளங்களும் பீரங்கி எட்டும் தூரத்தில். மிச்சம் காலாங் ஒன்றுதான். பிப்ரவரி 15-இல் ஊர் விழுந்தது. பெட்டிகள் வந்த நாளிலிருந்து 33 நாள்.

என் ஐயா அப்போது சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளராக, இருந்தார். வீடு அகலத்துக்குப் பெட்டிகள் லாரியில் போனதைப் பார்த்ததாகச் சொல்வார். "புது ஏரோப்ளேன் வந்திருச்சு, இனிப் பயமில்லை" என்று கிட்டங்கியில் எல்லாரும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் கம்மிவிடும். நம் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் கப்பலில்தான் வந்தது. தூண் வந்து கல் வராவிட்டால் கொத்தனார் காத்திருப்பார். அங்கே காத்திருக்க ஆளில்லை.

இலங்கைக்கு நடந்ததைப் பாருங்கள். அதே ரக ஹரிகேன்கள் மார்ச் மாதம் இந்தோமிட்டபிள் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்தே பறந்து போய் இறங்கின; பெட்டி பிரிக்கும் வேலையே இல்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பு தாக்கப்பட்டபோது, இழப்பு அதிகம் என்றாலும், எதிர்த்து நிற்க விமானமும் விமானியும் இருந்தார்கள்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் அந்தப் போர்க்காலத்து ஓடுதளம் இன்றும் கிடக்கிறது. ஆடு மேய்கிற அந்த இடத்தில் ஒரு தகவல் பலகை வைக்கச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுதினால் நன்றாக இருக்கும். அப்புறம் ஒன்று: 1942 ஜனவரி, பிப்ரவரியில் மலாயாவிலிருந்து வந்த கடிதங்களும் பேரேடுகளும் இங்கே பல வீட்டுப் பெட்டகங்களில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. வாசகர்களிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். எங்கள் வீட்டில் ஐயா எழுதிய மூன்று கடிதங்கள் இருக்கின்றன. நகல் எடுத்து இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகக் கிளியரிங் ஊழியர்,
கானாடுகாத்தான்.