மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் அண்ணாச்சிமார்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு, வணக்கம்.

நாங்குநேரி, வள்ளியூர் பக்கமிருந்து குட்டியானை வண்டிகளில் ஆடு ஏற்றி நீங்கள் சந்தைக்குப் போவதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். நானும் ஆடு வளர்க்கிறவன்தான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஆட்டின் காலைக் கட்டாதீர்கள். நிற்க விடுங்கள்.

போன வருஷம் கன்னி இனத்து ஆட்டு மறி ஒன்று வாங்கினேன். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, வெறும் தகரத்தில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இறக்கிக் கயிற்றை அவிழ்த்ததும் எழுந்தது, பின்னங்கால் மடங்கி விழுந்தது. மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது. கயிறு இருந்த இடத்தில் முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தது. நேராக நடக்க மூன்று நாள் ஆயிற்று.

கட்டாவிட்டால் விழுந்துவிடும் என்றுதான் கட்டுகிறீர்கள். ஆனால் விழாமல் நிற்கிற வித்தை அதன் முதுகெலும்புக்குள்ளேயே இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது உடம்பு சாயும், கால்தசை இழுபடும். அந்த இழுப்பை அளக்கிற நுண்ணிய நரம்பு முனைகள் தசைக்குள் இருக்கின்றன. சேதி முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புக் கயிறான தண்டுவடத்துக்குப் போனதும், மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் தண்டுவடமே அந்தத் தசையை இறுக்கிவிடும். டாக்டர் நம் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதறுமே, அதே வேலைதான். மேய்கிற ஆடு உடைமுள்ளை மிதித்தால் அந்தக் காலைத் தூக்குகிற அதே நொடியில் எதிர்க்கால் விறைத்துப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதுவும் தண்டுவடத்தின் ஏற்பாடுதான். இங்கிலாந்தின் நரம்பு விஞ்ஞானி ஷெரிங்டன் நூறு வருஷத்துக்கு முன்பே இதையெல்லாம் விலங்குகளில் சோதித்து எழுதினார். 1932-ல் நோபல் பரிசும் பெற்றார்.

மூளைக்கு வேலையில்லை என்று சொல்லவில்லை. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்காது சொல்ல, மூளை கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளையும் தண்டுவடம் வழியாகத்தான் காலுக்கு இறங்க வேண்டும். கால் கட்டிக் கிடந்தால் இரண்டும் வீண். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆடு உருண்டு தலையை இடித்துக்கொள்ளும்.

கோழி ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முருங்கைக் கிளை காற்றில் ஆடினாலும் அதில் தூங்குகிற கோழி விழுவதில்லை. பறவைகளுக்கு இடுப்புப் பக்கத் தண்டுவடத்தில் ஒரு தனி அமைப்பு இருக்கிறது. உள்காதைப் போல அதுவும் உடம்பின் சாய்வை உணர்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட பிராணியைக் காலில் கட்டி, பைக் ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டு ரெட்டியார்பட்டி வரை கொண்டுபோவது எவ்வளவு பெரிய கொடுமை!

சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஆடுகளின் காலைக் கட்டக் கூடாது, தரையில் 5 சென்டிமீட்டராவது வைக்கோல் பரப்ப வேண்டும் என்று 1978-ம் வருஷத்து விலங்குகள் போக்குவரத்து விதிகளில், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களுக்கு இருக்கிறது. வைக்கோல் முக்கியம் அண்ணாச்சி. வழுக்குகிற தகரத்தில் குளம்பு பிடிக்காவிட்டால் தண்டுவடம் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் கால் என்ன செய்யும்? குதித்துவிடும் என்று பயமிருந்தால் பக்கப் பலகையை உயர்த்தி மேலே வலை போடுங்கள். அப்புறம், வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இந்த வருஷ வைக்கோல் படப்பு அப்படியே இருக்கிறது. நாங்குநேரி வழியாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி இரண்டு கட்டு அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
நாங்குநேரிப் பக்கத்து ஆட்டுக்காரன்