கொழிஞ்சாம்பாறைக்கு எந்த ஜெல்லிமீன்?

பாறசாலை

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இடவப்பாதி மழை நன்றாகப் பெய்து கிணறு நிறைந்துவிட்டது. மகளுக்குக் கொல்லத்துக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. இனி வாரம்தோறும் வீட்டுக்கு வந்துபோவாள்.

பேத்திக்காகச் சொறி, அதாவது ஜெல்லிமீன், வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அவள் கைப்பேசியில் பார்த்து ஆசைப்பட்டது, பால்நிறக் குடை போன்ற உடலும் நடுவில் நான்கு வளையங்களும் கொண்ட நிலாச் சொறி. உன் கொழிஞ்சாம்பாறைக்கு அது வேண்டாம் தாணு. விற்பனைக்கு வரும் நிலாச் சொறிகளைப் பொதுவாக 20 டிகிரிக்கும் கீழான தண்ணீரில்தான் வைத்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் உங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. குளிரூட்டும் இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டியிருக்கும். ஒரு மதியம் முழுக்க மின்சாரம் போனால் அந்த உயிர் என்ன ஆகும்?

தொட்டியும் சாதாரணத் தொட்டி அல்ல. நிலாச் சொறிக்கு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு கிடையாது. சதுரத் தொட்டியில் விட்டால் மூலையில் ஒதுங்கி, கண்ணாடியில் உரசிக் கிழியும். அல்லது வடிகட்டியின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜெர்மானிய விஞ்ஞானி வுல்ஃப் கிரேவே, கடலில் மிதக்கும் சிற்றுயிர்களை வளர்ப்பதற்காக, தண்ணீர் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத் தொட்டி ஒன்றை 1968இல் விவரித்தார். இன்றைய சொறித் தொட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மீன் தொட்டியில் போடும் காற்றுக்கல்லும் கூடாது. குமிழிகள் குடைக்குள் சிக்கினால் உடலையே துளைத்துவிடும்.

நான் வைத்திருப்பது தலைகீழ்ச் சொறி, காசியோபியா. நீயும் அதையே வாங்கு. வெப்பக்கடல் உயிர், 24 முதல் 28 டிகிரி வரை அதற்குச் சுகம். கோடையில் மட்டும் தண்ணீரைச் சற்றுக் குளிர்விக்க ஏற்பாடு வேண்டும். குடையைத் தரையில் பதித்து, கைகளை மேலே விரித்துப் படுத்திருக்கும். அதனால் சாதாரணத் தொட்டியே போதும்; அடிப்பரப்பு அகலமாக இருக்கட்டும், வடிகட்டியின் வாய்க்கு மெல்லிய பஞ்சு கட்டிவிடு. அதன் உடலுக்குள் வாழும் பாசிகள் வெளிச்சத்தில் உணவு சமைத்து அதற்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நல்ல வெள்ளை விளக்கு எரிய வேண்டும். இரவில் அணைத்துவிடு. மூளையே இல்லாத இந்த உயிர் இரவில் துடிப்பைக் குறைத்துக்கொண்டு உறக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போகிறது என்று 2017இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இருட்டியபின் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தத் துடிப்பு தளர்வதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். பேத்தியையும் பார்க்கச் சொல்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சீண்டினால் கொட்டும் உயிரணுக்கள் நிறைந்த சளியைத் தண்ணீரில் விடும். தொடாவிட்டாலும் கை அரிக்கும். கையுறை இல்லாமல் யாரும் தொட்டிக்குள் கைவிடக் கூடாது, பேத்தி கட்டாயம் கூடாது.

உனக்குப் பெரிய வேலை தண்ணீர்தான். எனக்கு விழிஞ்சத்துப் படகுக்காரர் ஒருவர் கரையிலிருந்து தள்ளிப்போய் கேனில் நிரப்பித் தருகிறார். பூவாரில் நெய்யாறு கடலில் கலக்கும் பக்கத்துத் தண்ணீரை நான் எடுப்பதில்லை, மழைக்காலத்தில் அங்கே உப்பு நீர்த்துவிடும். நீயோ கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கிறாய். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை கடையில் கிடைக்கும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, அதில் கரைக்காதே. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைத்து, உப்பு அளக்கும் கருவியால் சரிபார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டி நீர் வேகமாக வற்றும். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்று.

தொட்டி தயாரான அன்றே சொறியை விட்டுவிடாதே. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பேத்தியிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

பாசி தரும் உணவு மட்டும் போதாது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் பயன்படுத்தும் ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் உயிரின் முட்டை டப்பாவில் வரும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று ஊதினால் ஒரு நாளில் பொரியும். வடிகட்டிக் கழுவி, உயிரோடு கொடு.

கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் சிக்கியதை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே. வலையில் நசுங்கியது பிழைக்காது; அது எந்த வகை, எவ்வளவு கொட்டும் என்றும் உனக்குத் தெரியாது. தொட்டியிலேயே பிறந்ததா என்று கேட்டு வாங்கு.

ஓண விடுமுறையில் எல்லோரும் இங்கே வாருங்கள். விழிஞ்சத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சிக்கூடம் இருக்கிறது, பேத்தியை அழைத்துப் போகலாம். அதற்குமுன் தொட்டி வைக்கப்போகும் இடத்தின் நீள அகலத்தையும், மதிய வெயில் அங்கே விழுமா என்பதையும் எழுது. கண்ணாடி வெட்ட ஆர்டர் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வை.

அன்புடன்,
மணி